உஸ்தாத் நக்லேயும் அணைய மறுத்த கம்ப்யூட்டரும்

லெபனான் கடற்கரையில் இருக்கிற எங்கள் மினாவில் உஸ்தாத் நக்லேயின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. துறைமுகத்துக்கு இறங்குகிற மூன்றாவது சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். நாலாவது மாடிப் பால்கனியில் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குள் புதினா வளர்ந்திருந்தால் அதுதான் அவர் வீடு. எவ்வளவு முயன்றும் உயிர் வராத கம்ப்யூட்டர்களை அவர் தூக்கிப் போடமாட்டார். உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு மண்ணைக் கொட்டி விதை போடுவார். போன வருடம் ஒன்றில் வெள்ளரிகூடக் காய்த்தது. அந்த வெள்ளரியைத் தின்றவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் சந்தில் அதைப் பற்றி வேறு மாதிரிப் பேச்சு உண்டு.

உஸ்தாத் என்றால் வாத்தியார். கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறார். வருகிற ஜூனில் ஓய்வு. குள்ளமான, சுத்தமான மனிதர். தினமும் வெள்ளைச் சட்டை, அதில் ஒரு சுருக்கம் இருக்காது. அந்தச் சட்டை எப்படிச் சுருக்கமில்லாமல் இருக்கிறது என்று முப்பத்தோரு வருடத்தில் அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. சட்டை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், லினக்ஸ் என்றொன்று இருக்கிறது, கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள், யாரும் காசு கேட்பதில்லை, எழுதிப்போட்டால் வட்டில் பதித்துத் தபாலிலேயே அனுப்புகிறார்கள் என்று எங்கோ படித்தார். எழுதிப்போட்டார். ஆறு வாரம் கழித்து ஓர் உறை வந்தது. மேலே அவருடைய பெயர், எழுத்துப்பிழை இல்லாமல். மின்சார இலாகா முப்பது வருடமாகத் தப்பாக எழுதுகிற பெயரை, எங்கோ கடல் தாண்டி இருக்கிற முகம் தெரியாத ஒருவன் சரியாக எழுதியிருந்தான். மனிதர் அன்றைக்கே விழுந்துவிட்டார். அந்த உறையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு புனிதர் மார் நிக்கோலாவின் படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டினார். மேலே மாட்டத்தான் பார்த்தார், மனைவி முன்தஹா விடவில்லை.

அன்றிலிருந்து மினாவில் அவர் நாலு பேரை லினக்ஸுக்கு மாற்றியிருக்கிறார். இருவர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் சத்தமில்லாமல் விண்டோஸுக்கே திரும்பிவிட்டார். நாலாமவர் பல் டாக்டர், அவர் கம்ப்யூட்டரைத் திறப்பதே இல்லை என்பதால் இன்னும் விசுவாசமாக இருக்கிறார்.

முன்தஹாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் வீட்டில் ஐந்தாவது பெண். முன்தஹா என்றால் முடிவு. பெண் பிள்ளைகள் இதோடு போதும் என்று அப்பா வைத்த பெயர் அது. அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள், கடைசியாக வதீஃ என்றொரு பையன். ஆக, ஒரு விஷயத்தை நிறுத்தச் சொன்னால் நிற்காது என்பது அவளுக்குப் பிறப்பிலேயே தெரிந்த சங்கதி. நக்லேயின் கம்ப்யூட்டர் விவகாரத்தில் அவள் அதிகம் அதிர்ச்சி அடையாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

விவகாரம் இதுதான்.

பள்ளியின் சாமான் அறையில், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கிற களிமண் ஆடுகளுக்கும் ஒரு கால் உடைந்த ஒட்டகத்துக்கும் கீழே, இருபத்துமூன்று பழைய கம்ப்யூட்டர்கள் கிடந்தன. யாரோ எப்போதோ தானம் கொடுத்தவை. புது விண்டோஸ் அவற்றில் ஏறாது, அத்தனை கிழம். ஆனால் லினக்ஸ் ஏறும். ஏற்றினால் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் அறை வரும். ஓய்வு பெறுவதற்கு முன்னால் அந்த அறையைப் பார்த்துவிட வேண்டும் என்பது நக்லேயின் ஆசை. வெறும் ஆசை என்று சொன்னால் போதாது. முப்பத்தோரு வருடம் நதிகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தாயிற்று, பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் நதிகளை மறந்துவிடுகிறார்கள். தான் போன பிறகும் பள்ளியில் நிற்கிற மாதிரி ஒன்றை விட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

பள்ளியை நடத்துகிற மதர் பெலாஜியாவிடம் போய்ச் சொன்னார். மதர் எழுபது வயதுக்காரர், எலும்பும் கறுப்பு அங்கியும்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"உஸ்தாத், நான் விடுதியில நாப்பது பிள்ளைங்களை வச்சு ஓட்டறேன். அதுங்களை எழுப்புறது ஒரு கஷ்டமே இல்ல. தூங்க வைக்கிறதுதான் கஷ்டம். உங்க மெஷின் எழுந்திருக்கும்னு நம்பறேன். ஒழுங்கா தூங்குதான்னு எனக்குக் காட்டுங்க. இங்க கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு அந்த ஆண்டவருக்கே தெரியாது. அதுக்குள்ள மூடி வைக்கணுமா இல்லையா?"

"ஒரு மெஷினை வீட்டுக்குக் கொண்டு போய்த் தயார் பண்றேன் மதர். நீங்களே வந்து பாருங்க."

"வர்ற மாசம் மூணாவது சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன். எப்படியும் உங்க வீட்டுக்கு வர வேண்டிய வேலை இருக்கு. தூங்கலேன்னா திங்கக்கிழமை வதீஃ வண்டி கொண்டு வரான், மிச்சத்தையெல்லாம் உடைச்சுச் சாமானா எடுத்துக்கறதா சொல்லியிருக்கான்."

வதீஃ என்றால் முன்தஹாவின் அதே கடைக்குட்டித் தம்பிதான். கடற்கரைச் சாலையில் கைபேசிக் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்து உண்டு, ஃபார்மட். மெதுவாக ஓடினாலும் ஃபார்மட், வேகமாக ஓடினாலும் ஃபார்மட். ஒருமுறை அவனுடைய மாமியாருக்கு மறதி அதிகமானபோதும் வாய் தவறி அதையே சொல்லி, இரண்டு மாதம் மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தான்.

நக்லே மாதிரிக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினார். தூசி தட்டினார், லினக்ஸை ஏற்றினார். பிரமாதமாக வேலை செய்தது. உலக வரைபடம் சுழன்றது, பாட்டுப் பாடியது. அன்று சாயங்காலம் அணைக்கச் சொன்னார். அங்கேதான் பிடித்தது சனி.

திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் வரிசையாக வரிகள் வந்தன. இதை மூடுகிறேன், அதை மூடுகிறேன், இன்னொன்று மூடுவதற்காகக் காத்திருக்கிறேன், தொண்ணூறு நொடி பொறு. கிழட்டு மெஷின், நிதானமாகத்தான் மூடும். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. படக்கென்று ஒரு சத்தம். திரை செத்தது. அணைந்துவிட்டது என்று நக்லே நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்த மாதிரி மெஷின் மறுபடி விழித்து, மணியடித்து, நல்வரவு என்றது.

எங்கள் மினாவில் விருந்தாளிகள் விடைபெறுவதும் இப்படித்தான். எழுந்து, செருப்பைப் போட்டு, வாசலில் நின்று அரைமணி பேசிவிட்டு, திரும்ப உள்ளே வந்து உட்காருவார்கள். விருந்தாளி செய்தால் அது மரியாதை. கம்ப்யூட்டர் செய்தால் அது கோளாறு. நக்லே பட்டனை அழுத்திப் பிடித்து அதன் கழுத்தை நெரித்தார். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். பூகோள வாத்தியார் அல்லவா, வானிலை குறிப்பது மாதிரி குறித்தார். தேதி, நேரம், கடல்காற்று எந்தத் திசை, அணைந்ததா இல்லையா. இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் துலங்கியது. காலையில் அணைத்தால் அணைகிறது. மதியம் அரசாங்கக் கரண்டு இரண்டு மணி நேரம் எட்டிப் பார்க்கும்போது அணைத்தாலும் அணைகிறது. சாயங்காலம் மட்டும் அணைவதில்லை. அதிலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அணைகிறது.

"ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு அத்தான்," என்றான் வதீஃ, சோபாவில் சாய்ந்து பிஸ்தாவை உடைத்துக்கொண்டே. "ரொம்ப பக்தி. மதர் பெலாஜியாவுக்கு ரொம்பப் பிடிக்கும். ஞானஸ்நானம் குடுத்துடுங்க."

"சிரிக்காதே. இதுல ஏதோ ஒழுங்கு இருக்கு."

"ஒழுங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. ஃபார்மட் பண்ணுங்க."

"நாலு தடவை பண்ணியாச்சு."

"அஞ்சாவது தடவை பண்ணுங்க."

அந்த நேரத்தில் முன்தஹா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நக்லே, பால்கனி வயர்ல மறுபடியும் சிள்வண்டு கத்துது. என்னான்னு பாரேன்."

"குளிர்காலத்துல ஏதுடி சிள்வண்டு."

"அதான் நானும் கேக்கறேன். மூணு மாசமா கத்துது. முதல் மழை பேஞ்சதுலேர்ந்து."

"இந்தக் கம்ப்யூட்டர் ஒரு வழிக்கு வரட்டும், பாக்கறேன்."

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டிய ஒரு சீட்டு இருந்தது. அதில் முன்தஹாவின் கையெழுத்தில், பாத்ரூம் குழாய், அலமாரிக் கதவு, சிள்வண்டு என்று வரிசையாக எழுதியிருந்தது. சீட்டின் ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன.

மினாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒன்று. காலையில் கொஞ்ச நேரமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் சந்து முனை ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு ஐந்து ஆம்பியர் வருகிறது. ஐந்து ஆம்பியர் என்றால், ஃப்ரிட்ஜ், நாலு பல்பு, ஒரு கம்ப்யூட்டர். அல்லது ஃப்ரிட்ஜ், நாலு பல்பு, ஒரு இஸ்திரிப் பெட்டி. எல்லாம் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் கீழே சுவிட்ச் விழும், யாராவது நாலு மாடி இறங்கிப் போய் ஏற்றிவிட்டு வரணும். அதனால் எந்த வீட்டிலும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள். நக்லேயும் முன்தஹாவும் எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்கிற ஜோடிதான், ஆனால் ஆம்பியர் விஷயத்தில் மட்டும் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சண்டை கிடையாது. அத்தனை ஒற்றுமை. மற்ற தம்பதிகளுக்கு உதாரணமாகச் சொல்வார்கள்.

நக்லே இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசுகிற இடத்துக்குப் போய் முறையிட்டார். மெஷின் தன் வேலையை வரிவரியாக ஒரு பதிவில் எழுதி வைக்கும். அந்தப் பதிவை எடுத்துப் போட்டார். விழுந்த நாளெல்லாம் கடைசி வரி பாதியில் நின்றிருந்தது, எழுதிக்கொண்டிருந்தவன் தலையில் யாரோ அடித்த மாதிரி. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். இந்தச் சொல்லைச் சேர், அந்தச் சொல்லை எடு, கெர்னலை மாற்று. கெர்னல் என்பது லினக்ஸின் குலை, ஈரல் மாதிரி. நக்லே ஒரு வாரத்தில் ஆறு ஈரல் மாற்றினார்.

பின்லாந்திலிருந்து யோர்மா என்று ஒருவர் மட்டும் மூன்றே வார்த்தை எழுதினார். உங்கள் மின்சாரம் சீரா?

நக்லே சத்தமாகச் சிரித்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. லெபனான்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது. உட்கார்ந்து, மொழிபெயர்ப்பு எந்திரத்தின் உதவியோடு, ஒரு பக்கத்துக்கு எழுதினார். ஐயா, எங்கள் மின்சாரம் சீராக இல்லை, நாங்களும் சீராக இல்லை, ஆனால் என் மெஷின் சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓடுகிறது, ஒரு தடவைகூட விழவில்லை. நான் அணைக்கச் சொன்ன அந்த அரை நிமிடத்தில் மட்டும் விழுகிறது. நான் எப்போது பட்டனைத் தட்டுகிறேன் என்று மின்சாரத்துக்கு எப்படித் தெரியும்? அதற்கென்ன காது இருக்கிறதா?

யோர்மா பதில் எழுதவில்லை. நக்லே ஜெயித்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை முன்தஹா கூராவில் இருக்கிற அக்கா வீட்டுக்கு ஒலிவ எண்ணெய் வாங்கப் போனாள். அன்று மத்தியானம்தான் நக்லே ஏழாவது ஈரலைப் பொருத்தியிருந்தார். சாயங்காலம் அணைத்துப் பார்த்தார். தொண்ணூறு நொடி, சமத்தாக அணைந்தது. நம்பாமல் இன்னொரு தடவை. அணைந்தது. பதினோரு தடவை ஏற்றி, பதினோரு தடவை அணைத்தார். பதினோராவது தடவை கண்ணில் நீர் வந்துவிட்டது. இணையத்தில் "தீர்ந்தது" என்று போட்டு எல்லோருக்கும் நன்றி சொன்னார். யோர்மாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். வதீஃபுக்குப் போன் போட்டு வண்டியை வேறு சவாரிக்கு விட்டுக்கொள்ளச் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் முன்தஹா எண்ணெயோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு அணைத்தார். படக். நல்வரவு.

அன்று நக்லே சாப்பிடவில்லை. தட்டில் இருந்த பருப்புச் சோற்றை முள்கரண்டியால் நதி, மலை என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

"முன்தஹா," என்றார் கடைசியில். "எனக்கு ஒண்ணும் தெரியாதோன்னு தோணுது. பதினேழு வருஷமா தெரிஞ்ச மாதிரி நடிச்சுட்டேனோ."

அவளுக்குச் சங்கடமாக இருந்தது. இந்த மனிதர் தற்பெருமை பேசும்போது வாயை அடைக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்படி உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

"சனிக்கிழமை அது அணையும்," என்றாள். "நான் மார் நிக்கோலாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறேன். கொஞ்சம் பெரிய கோளாறா இருக்கறதால பெரிய மெழுகுவத்தி."

வெள்ளிக்கிழமையும் படக். முன்தஹாவின் மெழுகுவர்த்தி அதற்குள் பாதி எரிந்திருந்தது.

சனிக்கிழமை ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மதர் பெலாஜியா நாலு மாடி ஏறி, மூச்சு வாங்காமல் வந்து நின்றார். முன்தஹா தங்கக் கம்மலைப் போட்டுக்கொண்டு, காப்பியும், பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மாமூல் பிஸ்கோத்தும் வைத்தாள். மதருக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. மடத்தில் இரண்டரை ஆம்பியர்தான், இஸ்திரிப் பெட்டி தாங்காது. அதனால் பீடத்துத் துணியை முன்தஹாதான் தேய்த்துக் கொடுப்பாள், மதர் சனிக்கிழமை வாங்கிப் போவார். "இன்னும் தேய்க்கல மதர்," என்றாள் முன்தஹா. "இவர் மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. முடிச்சதும் ரெண்டே நிமிஷம்." சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய் மேஜையில் துணியை விரித்தாள்.

சோபாவில் வதீஃ உட்கார்ந்திருந்தான். சாட்சிக்கு வந்தேன் என்றான். பிஸ்தா கொண்டு வந்திருந்தான்.

நக்லே மெஷினை ஏற்றினார். உலகம் திரையில் சுழன்றது. மினாவை நெருங்கிக் காட்டினார், மடத்தின் ஓட்டுக்கூரை தெரிந்தது, கொடியில் காய்கிற அங்கிகள்கூடத் தெரிந்தன. மதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அது சிஸ்டர் மார்த்தாவோடது, மழை வர்ற நாள்ல காயப்போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது," என்றார்.

"இது பழைய படம் மதர்."

"அவ பழைய நாள்லேர்ந்து அப்படித்தான். சரி, தூங்க வைங்க."

நக்லே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அழுத்தினார். திரை கறுத்தது, வரிகள் ஓட ஆரம்பித்தன. இருபத்தெட்டு வருடப் பழக்கம், வாய் தன்னால் திறந்தது.

"முன்தஹா, அணைச்சுட்டேன்."

"சரி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

படக். திரை செத்தது. பிறகு நல்வரவு.

வதீஃ பிஸ்தாத் தோலைத் தட்டில் போட்டான். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நக்லே திரையைப் பார்த்தபடியே நின்றார், மதரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களும் வதீஃபின் வண்டியில் ஏறிப் போவது அவர் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. "திங்கக்கிழமை..." என்று ஆரம்பித்தார்.

மதரோ திரையைப் பார்க்கவே இல்லை. கூடத்துப் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் பல்பு மங்கினால் தலை தூக்கிப் பார்க்கிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரனுக்கு அது காற்று அடிக்கிற மாதிரி. ஆனால் மடத்தில் அப்படி இல்லை. இரண்டரை ஆம்பியரில் பதினான்கு கன்னியரும் நாற்பது பிள்ளைகளும் வாழ வேண்டும். பல்பைப் படிக்கத் தெரியாவிட்டால் அங்கே ஜெபப் புத்தகத்தைப் படிக்க முடியாது.

"உஸ்தாத், உங்க வீட்ல எத்தனை ஆம்பியர்?"

"அஞ்சு, மதர்."

"இஸ்திரிப் பெட்டி போட்டாங்களே இப்ப."

"போட்டிருப்பா. நான் அணைச்சுட்டேன்னு சொன்னேன் இல்ல."

"இஸ்திரிக்கு இவ்வளவு மங்காது. கேத்தலுக்குக்கூட இவ்வளவு மங்காது. உங்க வயர்ல எங்கியோ தகராறு இருக்கு." மதர் ஒரு மாமூலைக் கடித்து மென்று விழுங்கினார். "அது கிடக்கட்டும். நீங்க அணைச்சுட்டேன்னு சொன்னப்ப மெஷின் அணைஞ்சிருந்துதா?"

"இல்ல, அணைய ஆரம்பிச்சிருந்துது. அதுக்குத் தொண்ணூறு நொடி..."

நக்லே அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. வதீஃபின் கையில் உடைத்த பிஸ்தா அப்படியே நின்றது.

"இஸ்திரியை எடுக்கச் சொல்லிட்டு இன்னொரு தடவை பண்ணுங்க," என்றார் மதர். "இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது."

இஸ்திரியை எடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டு நக்லே அழுத்தினார். வரிகள் ஓடின. பத்து நொடியில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அணைச்சியா நக்லே?" மதர் உதட்டில் விரலை வைத்தார். நக்லே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நக்லே? இருக்கியா?" வதீஃ சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்தான். எழுபது நொடி. எண்பது. திரை கறுத்தது. விசிறி முனகி நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. யாரும் நல்வரவு சொல்லவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. முன்தஹா இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா? ஏன் கத்தலை?"

மதர்தான் சொன்னார். மேஜையில் கிடந்த நக்லேயின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, நிதானமாக, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னார். நக்லே அணைச்சுட்டேன் என்று கத்துகிறார், நீ இஸ்திரியைப் போடுகிறாய், மெஷின் பாதித் தூக்கத்தில் கரண்டு இல்லாமல் தடுமாறி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ இஸ்திரியைத் தொடமாட்டாய், அன்றைக்கு விழவில்லை. புதன்கிழமை நீ கூராவில் இருந்தாயாம், அன்றைக்கும் விழவில்லை.

முன்தஹா கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அப்ப அந்தச் சிள்வண்டு?"

"எந்தச் சிள்வண்டு?" என்றார் மதர்.

"இஸ்திரி போட்டா மட்டும் பால்கனி வயர்ல கத்துது மதர். மூணு மாசமா சொல்றேன். ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டியிருக்கேன். இவர் கம்ப்யூட்டர் முடியட்டும்னாரு." நக்லேயின் பக்கம் திரும்பினாள். "ஏழு தடவை அதோட ஈரலை மாத்தினே. ஒரு தடவை பால்கனிக்குப் போய் வந்திருக்கலாம்ல."

நக்லேக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, காது மடல்கூடச் சிவக்கிற வெட்கம். அப்போதுதான் அவர் முன்தஹாவின் தோளுக்குப் பின்னால், உள்ளறையில் நாற்காலி முதுகில் மாட்டியிருந்த சட்டையைப் பார்த்தார். வெள்ளை. சுருக்கமே இல்லாமல். எல்லாச் சாயங்காலமும் அவர் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எப்போது கத்துவார் என்று உள்ளே காத்திருந்திருக்கிறாள். அவருடைய சட்டைக்காக.

"மன்னிச்சுடு," என்றார். மதர் முன்னாலேயே, வதீஃ முன்னாலேயே சொன்னார்.

வதீஃ பிஸ்தாப் பையை மடித்துக்கொண்டு எழுந்தான். "திங்கக்கிழமை வண்டி வேண்டாம்னு சொல்றீங்க, அப்படித்தானே மதர்?"

"வண்டி வரட்டும்," என்றார் மதர். "சாமான் அறையிலேர்ந்து மேல்மாடிக்கு இருபத்திரண்டு பெட்டியைத் தூக்க ஆள் வேணும். ஒட்டகத்தையும் ஒட்டிக் குடு."

அதோடு எழுந்தவர், வாசலில் நின்று ஒரு நிபந்தனையும் போட்டார். கம்ப்யூட்டர் அறைக்கு நக்லே பொறுப்பு. அந்த அறையின் கரண்டுக்கு முன்தஹா பொறுப்பு. அவள் சரி என்று சொல்லாமல் ஒரு சுவிட்சும் போடக் கூடாது. பிறகு அந்த வாசலிலேயே மினா வழக்கப்படி அரைமணி நின்று பேசிவிட்டு, அதற்குள் முன்தஹா தேய்த்து முடித்த பீடத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நக்லே திருப்புளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். புதினாப் பெட்டிகளுக்கு மேலே, ஜெனரேட்டர் வயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில், ஒட்டுப் போட்ட நாடா அவிழ்ந்து, கடல் உப்பு பூத்துப் பச்சையாக இருந்தது. கீழே சுவிட்சை இறக்கச் சொல்லி வதீஃபை அனுப்பினார். நாடாவைப் பிரித்தார், கத்தியால் சுரண்டினார், முறுக்கிக் கட்டினார். முன்தஹா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்றாள்.

"பத்து."

அவள் கீழே எட்டிப் பார்த்து வதீஃபிடம் சுவிட்சை ஏற்றச் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை போலிருந்தது.

அன்று இணையத்தில் "தீர்ந்தது" என்று இரண்டாவது முறையாகப் போட்டார். இந்தத் தடவை யோர்மாவின் பெயரைத்தான் முதலில் எழுதினார். ஐயா, மின்சாரத்துக்குக் காது இருக்கிறதா என்று உங்களைக் கேலி செய்தேன். இருக்கிறது. இரண்டு. தங்கக் கம்மல் போட்டிருக்கிறது. நான் சொன்னதையெல்லாம் அது உடனே கேட்டது. அது சொன்னதைத்தான் நான் மூன்று மாதமாகக் கேட்கவில்லை.

அனுப்பிவிட்டு மெஷினை அணைக்கச் சொன்னார். வாயைத் திறக்காமல், பச்சை விளக்கு போகிறவரை தொண்ணூறு நொடியும் உட்கார்ந்திருந்தார். பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து அந்த மஞ்சள் சீட்டை எடுத்துக்கொண்டு முன்தஹாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சிள்வண்டு என்ற வரியைப் பேனாவால் அடித்தார்.

"வேற என்னென்ன சொல்லி நான் கேக்காம விட்டிருக்கேன்? சொல்லு, எழுதிக்கறேன்."

முன்தஹா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றி ஓரமாக வைத்தாள். காப்பிக் கோப்பையை நகர்த்திவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு ஆரம்பிக்கறேன்," என்றாள்.

நக்லே சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் போதாது என்று தெரிந்தது. எழுந்து போய், வானிலை குறிக்கிற நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார்.